ஆற்று மீனின் வயிற்றில் பிளாஸ்டிக்கா? மலையகத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தலவாக்கலைப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். போன வருசம் தரம் 10 பிள்ளைகளோடு சேர்ந்து மூன்று திலாப்பியாவை வெட்டி, குடலுக்குள் என்ன இருக்கிறது என்று நுணுக்குக்காட்டியில் பார்த்தோம். பொழுது சாய்வதற்குள் "சேர் மீனுக்குள்ள இருந்து பிளாஸ்டிக் எடுத்தாராம்" என்று செய்தி, தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களில், லயத்துக்கு லயம் போய்விட்டது. மறுநாள் காலையில் கேட்டடியில் இரண்டு தாய்மார் நின்றார்கள். கூடவே மீன் விற்கிறவரும் வந்திருந்தார். அவர் முகத்தில் சிரிப்பே இல்லை. அன்றிலிருந்து பஸ்ஸிலும் கடைத்தெருவிலும் கல்யாண வீட்டிலும் என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகள் இவை.

நுண்பிளாஸ்டிக் என்று எதைச் சொல்கிறார்கள்?

5 மில்லிமீற்றரைவிடச் சின்னதாகிப்போன எந்தப் பிளாஸ்டிக் துண்டும் நுண்பிளாஸ்டிக்தான். ஒரு பாசிப்பயறை மேல் எல்லையாக வைத்துக்கொள்ளுங்கள்; அதிலிருந்து கண்ணுக்குத் தெரியாத தூசி வரை கீழே போகும். ஒரு மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கையும்விடச் சிறுத்துவிட்டால் நானோபிளாஸ்டிக் என்பார்கள். பிரித்தானியாவின் பிளிமத் பல்கலைக்கழகத்து ரிச்சர்ட் தொம்சனும் கூட்டாளிகளும் 2004இல் எழுதிய ஒரு கட்டுரைக்குப் பிறகுதான் இந்தப் பெயர் பரவியது.

சிலது பிறக்கும்போதே சின்னது. 2021இல் கொழும்புக்கு வெளியே எரிந்து மூழ்கிய எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பலில் ஏறத்தாழ 1,680 தொன் பிளாஸ்டிக் மணிகள் இருந்தன. கரையெல்லாம் சவ்வரிசி கொட்டினது மாதிரி கிடந்த படங்களைப் பார்த்திருப்பீர்கள். மலையகத்தில் நமக்கு வருவது பெரும்பாலும் மற்ற வகை, அதாவது பெரியது உடைந்து சின்னதாவது. கீரைப் பாத்திக்கு வேலியாகக் கட்டிய பழைய உர பேக்கை இரண்டு வருசம் கழித்து இழுத்துப் பாருங்கள். முழுசாகக் கையோடு வராது. நார் நாராகப் பிய்ந்து விரலில் வெள்ளைத் தூளாக ஒட்டும். அடுத்த மழைக்கு அந்தத் தூள் கானுக்குள் இறங்கிவிடும்.

அன்றைக்கு மீனுக்குள் உண்மையிலேயே என்ன கிடைத்தது?

திலாப்பியாவின் குடல் அதன் உடம்பைப் போலப் பல மடங்கு நீளம். நுளம்புச் சுருள் மாதிரி சுற்றிச் சுற்றிக் கிடக்கும். கீறித் திறந்தால் பச்சையும் கறுப்புமாகச் சேறு. அதை வடித்த தண்ணீரில் கரைத்து, வடிதாளில் ஊற்றி, தாளை நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்தோம். முதல் மீனில் ஒன்றுமில்லை. இரண்டாவதில் ஒரு நீல இழை. மூன்றாவதில் ஒரு சிவப்பு இழையும், ஓரம் பிய்ந்த கண்ணாடி போன்ற ஒரு துணுக்கும். மதுசார விளக்கில் ஊசியைச் சூடாக்கி நீல இழைக்குப் பக்கத்தில் கொண்டுபோனதும் அது சுருண்டு முடிச்சாகிவிட்டது. பருத்தி நூலாக இருந்தால் கருகியிருக்கும். பிளாஸ்டிக் இழைதான் இப்படி உருகிச் சுருளும். பிள்ளைகள் கைதட்டினார்கள்.

அப்புறம்தான் சங்கடம். மேசை ஓரத்தில் ஒரு வெறும் தட்டில் வடித்த தண்ணீர் மட்டும் ஊற்றித் திறந்தே வைத்திருந்தேன். அதை எடுத்துப் பார்த்தால் அதற்குள்ளும் இரண்டு நீல இழை! வகுப்பில் முப்பது பிள்ளைகள், முப்பது நீல ஸ்வெட்டர். ஆகவே நீல இழையைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டோம். மிஞ்சியது ஒரே ஒரு மீனில் இரண்டு துண்டு.

ஆய்வுகூடங்களில் இதைவிட ஒழுங்காகச் செய்வார்கள். குடலை பொற்றாசியம் ஐதரொட்சைட்டுக் கரைசலில் ஊறவைத்தால் சதையெல்லாம் கரைந்துபோகும், பிளாஸ்டிக் பெரும்பாலும் அப்படியே நிற்கும். அதை வடித்து, அகச்சிவப்பு ஒளியைப் பாய்ச்சி, பொலித்தீனா, நைலோனா, பொலியஸ்டரா என்று அடையாளம் காண்பார்கள். அங்கேயும் பருத்தி அங்கி போட்டுக்கொண்டு, பக்கத்தில் வெறும் தட்டு வைத்துத்தான் வேலை நடக்கும். பத்திரிகையில் "மீனில் பிளாஸ்டிக்" என்று தலைப்பைக் கண்டால், அந்த ஆய்வில் வெறும் தட்டு வைத்தார்களா என்று முதலில் பாருங்கள். நான் இப்போது அதைத்தான் பார்க்கிறேன்.

இது கடல் பிரச்சினைதானே? மலை ஆற்றுக்கு எப்படி வரும்?

கடலில் தேடத் தொடங்கியதால் கடல் பிரச்சினை என்று பெயர் வந்துவிட்டது. ஆற்று மீனை வெட்டிப் பார்க்கக் கொஞ்சம் தாமதமானது, அவ்வளவுதான். பிரான்ஸ் நாட்டு ஆறுகளில் அடியில் மேயும் ஒரு சின்ன மீனை, நம் கெண்டைக்குச் சொந்தக்கார மீனை, ஆராய்ந்து 2014இல் வெளியிட்டார்கள். நூற்றுக்கு 12 மீனின் குடலில் நுண்பிளாஸ்டிக் இருந்தது. பிறகு உலகத்தில் எந்த ஆற்றில் தேடினாலும் கிடைக்கத் தொடங்கியது.

இங்கிலாந்தின் மன்செஸ்டர் பக்கத்து ஆறுகளில் நடந்த இன்னொரு ஆய்வு 2018இல் வந்தது. ஆற்றின் அடி மணலில் தங்கியிருந்த நுண்பிளாஸ்டிக்கில் ஏறத்தாழ 70 சதவீதத்தை ஒரு வெள்ளம் அள்ளிக்கொண்டு போயிருந்தது. இதைப் படித்ததும் எனக்கு வட்டவளை, கினிகத்தேனைப் பக்கம்தான் ஞாபகம் வந்தது. அங்கே வருசத்துக்கு 5,000 மில்லிமீற்றருக்கும் மேல் மழை. ஆறு அங்கே தன்னைத்தானே அடிக்கடி கழுவிக்கொள்கிறது, கழுவியதெல்லாம் கீழே உள்ளவர்களுக்குப் போகிறது. மஸ்கெலி ஓயாவும் கெஹெல்கமு ஓயாவும் சேர்ந்துதான் களனி கங்கை. அந்தத் தண்ணீரை அம்பத்தலையில் எடுத்துச் சுத்திகரித்துத்தான் கொழும்பு குடிக்கிறது.

நம் ஆறுகளுக்கு எங்கிருந்துதான் இவ்வளவும் வருகிறது?

யோகட் கப்பையும் சோடாப் போத்தலையும் எல்லாரும் சொல்வார்கள். அவை கண்ணுக்குத் தெரியும், அதனால் திட்டுவது சுலபம். தெரியாதவற்றைச் சொல்கிறேன்.

முதலில் உடுப்பு. இங்கே குளிர். ஸ்வெட்டர், ஜேர்சி, கம்பளி என்று நாம் சொல்வதில் பாதிக்கு மேல் அக்ரிலிக், பொலியஸ்டர். நுவரெலியாவில் வரிசையாகத் தொங்கும் ஜக்கெட்டுகளைத் திருப்பி லேபலைப் பாருங்கள். 6 கிலோ அக்ரிலிக் துணியை ஒருமுறை மெசினில் தோய்த்தால் 7 லட்சத்துக்கும் மேலான இழைகள் உதிரலாம் என்று பிளிமத் ஆய்வாளர்கள் 2016இல் கணக்குப் போட்டார்கள். நம் ஆட்கள் ஊற்றுத் தண்ணீர் விழும் பீலிக்கரையில் கல்லில் அடித்து, பிரசால் தேய்த்துத் தோய்க்கிறார்கள். அந்தத் தண்ணீருக்கு வடிகட்டியும் இல்லை, சுத்திகரிப்பும் இல்லை. பீலியிலிருந்து கான், கானிலிருந்து ஓடை, ஓடையிலிருந்து ஆறு.

இரண்டாவது டயர். டயர் தேய்கிறது என்கிறோமே, தேய்ந்தது எங்கே போனது என்று யோசித்திருக்கிறீர்களா? ரம்பொடை வளைவுகளில் ஒரு லொறி இறங்குவதைப் பார்த்தால் புரியும். பிரேக்கைப் பிடித்துப் பிடித்து, ஒவ்வொரு வளைவிலும் கறுப்பாகக் கோடு போட்டுக்கொண்டு வரும். அந்தக் கறுப்புத் தூளில் செயற்கை ரப்பர் இருப்பதால் அதையும் நுண்பிளாஸ்டிக் கணக்கில்தான் சேர்க்கிறார்கள். மழை பெய்ததும் பாதையோரக் கான் வழியாக நேரே பள்ளத்துக்கு.

மூன்றாவது விவசாயம். தேயிலைக் கன்று வளர்க்கும் பொலித்தீன் பைகள், மரக்கறித் தோட்டங்களின் பொலித்தீன் கூடாரங்கள், கொழுந்து அள்ளும் சாக்கு, மழைக்கும் பனிக்கும் பெண்கள் இடுப்பில் கட்டும் படங்கு. முன்பு சணல் சாக்கு இருந்த இடமெல்லாம் இப்போது பிளாஸ்டிக். ஒரு படங்கு எத்தனை வருசம் உழைக்கும், கிழிந்தபின் எங்கே போகும் என்று ஒரு பாட்டியிடம் கேட்டேன். "கோழிக்கூட்டுக்கு மேல போடுவோம், அப்புறம் அது தன்னால போயிரும்" என்றார். தன்னால் போனதுதான் ஆற்றில் இருக்கிறது.

அப்புறம் சிவனொளிபாத மலை. டிசம்பர் பௌர்ணமி தொடங்கி மே மாத வெசாக் வரை நல்லதண்ணி வழியாக லட்சக்கணக்கானோர் ஏறி இறங்குகிறார்கள். அங்கே விழுகிற போத்தலும் பிஸ்கட் கவரும் மழையோடு இறங்கினால் போகும் இடம் மவுசாகலை நீர்த்தேக்கம்.

அணைக்கட்டு இதையெல்லாம் தடுத்து நிறுத்தாதா?

கொஞ்சம் தடுக்கும். ஓடுகிற தண்ணீர் நின்றதும் பாரமானது அடியில் படியும். பொலியஸ்டர், நைலோன், போத்தல் பிளாஸ்டிக் எல்லாம் தண்ணீரைவிடப் பாரம். பொலித்தீன் மிதக்கும், ஆனால் பாசி பிடித்ததும் அதுவும் மெல்ல இறங்கும். ஆகவே நீர்த்தேக்கத்தின் அடிச்சேறு ஒரு உண்டியல் மாதிரி. மவுசாகலையில் தண்ணீர் வற்றி, மூழ்கிப்போன பழைய மஸ்கெலியாக் கோயில் தலைகாட்டும் காலத்தில் கரையில் நடந்து பாருங்கள். வெடித்துக் கிடக்கும் சேற்றை ஒரு குச்சியால் கிளறினால் சொப்பிங் பேக்கின் ஓரம் தட்டுப்படும். அந்தச் சேற்றைத்தான் திலாப்பியா மேய்கிறது. கடும் மழையில் மேல் கொத்மலை வான்கதவுகளைத் திறக்கும்போது மிதப்பதெல்லாம் கீழே கொத்மலைக்குப் போய்விடும்.

ஹோட்டன் சமவெளி ஓடையாவது சுத்தமாக இருக்குமா?

வாசலில் பையைத் திறந்து பார்த்து, பொலித்தீனை வாங்கிவைத்து, தண்ணீர்ப் போத்தலின் லேபலைக்கூட உரித்துவிடுகிறார்கள். நல்ல வேலை, முறைப்படக்கூடாது. ஆனால் காற்றை யாரும் சோதிப்பதில்லை. பிரான்சின் பிரனீஸ் மலையில், ஊர் எதுவும் பக்கத்தில் இல்லாத ஒதுக்குப்புறத்தில், ஒரு சதுர மீற்றரில் ஒரு நாளைக்குச் சராசரி 365 துணுக்குகள் வானத்திலிருந்து விழுந்ததை 2019இல் கணக்கெடுத்தார்கள். மலை உயரம் என்பதால் தப்பித்துவிட்டோம் என்று நினைக்க முடியாது.

எந்த மீன் அதிகம் விழுங்கும்?

மீன் சாப்பிடும் விதத்தைப் பொறுத்தது. சேற்றையும் பாசியையும் அள்ளி அள்ளித் தின்னும் திலாப்பியாவும் அடியைக் கிளறும் கெண்டையும் தெரியாமலே விழுங்கும். கல்லில் ஒட்டிப் பாசி சுரண்டும் சின்ன மீன்களும் அப்படித்தான், ஏனென்றால் பாசியில் இழைகள் சிக்கிக்கொள்ளும். நுவரெலியாப் பக்கத்துக் குளிர் ஓடைகளில் துரைமார் தூண்டில் போட்டு விளையாடக் கொண்டுவந்து விட்ட ட்ரவுட் கண்ணால் பார்த்துப் பிடிக்கிற மீன். அது மிதந்து வரும் பூச்சிப் புழுவை நம்பி வாழ்வது. பிளாஸ்டிக் துணுக்கைப் பூச்சி என்று எண்ணி ஏமாறும். பிளாஸ்டிக் தின்ற பூச்சியையும் தின்னும். விரால், விலாங்கு போன்றவை பிற மீனோடு சேர்த்து அதன் வயிற்றில் உள்ளதையும் விழுங்கும்.

ஒரு ஆறுதல்: விழுங்கியதில் பெரும்பகுதி சில மணி நேரத்திலோ சில நாளிலோ கழிவோடு வெளியே போய்விடுகிறது. பாதரசம் மாதிரி உடம்பில் சேர்ந்து சேர்ந்து, பெரிய மீனில் மலையாகக் குவிகிற சங்கதி இது இல்லை.

மீனுக்கு அதனால் என்ன?

வயிறு நிறைந்த மாதிரி இருக்கும், சத்து இருக்காது. குடல் சுவர் புண்ணாகும். பிளாஸ்டிக்கில் கலந்த இரசாயனங்கள் கசியும். ஆய்வுகூடத் தொட்டியில் இவற்றைக் கண்டிருக்கிறார்கள், ஆனால் பல சோதனைகளில் ஆற்றில் இருப்பதைவிட மிக அதிகமாகப் போட்டுத்தான்.

ஆனால் டயர் விசயம் வேறு. அமெரிக்காவின் வோஷிங்டன் மாநிலத்தில் மழை பெய்த கையோடு ஓடைகளில் கோஹோ சால்மன் மீன்கள் கூட்டமாகச் செத்துக்கொண்டிருந்தன. பல வருசம் காரணம் பிடிபடவில்லை. டயரில் சீக்கிரம் வெடிப்பு விழாமல் இருக்கச் சேர்க்கும் ஒரு இரசாயனம் காற்றிலுள்ள ஓசோனோடு சேர்ந்து மாறி, அந்த மாறிய பொருள்தான் கொல்கிறது என்று 2020 டிசம்பரில் வெளியிட்டார்கள். அதன் பெயர் 6பிபிடி-குயினோன். ரெயின்போ ட்ரவுட்டும் அதற்குத் தாங்காது என்று பிறகு தெரிந்தது. நம் ட்ரவுட் ஓடைகளுக்கு மேலே பாதை போடுகிறவர்கள் இதைத் தெரிந்து வைத்திருந்தால் நல்லது.

அப்போ ஆற்று மீன் சாப்பிடலாமா, கூடாதா?

சாப்பிடலாம். நான் சாப்பிடுகிறேன். துண்டுகள் தங்குவது குடலிலும் செவுளிலும்தான் அதிகம். நாம் குடலை எடுத்து, செவுளைப் பிய்த்து, இரண்டு தண்ணீரில் அலசித்தானே சட்டியில் போடுகிறோம். சதைக்குள் போகக்கூடியது மிகமிகச் சின்னது, அளவும் கொஞ்சம்.

கேள்வி கேட்ட அம்மாவிடம் "வீட்டில் வாரத்துக்கு எத்தனை நாள் நெத்தலி?" என்று திருப்பிக் கேட்டேன். நாலு நாள் என்றார். நெத்தலிக் கருவாட்டை நாம் தலையோடு, குடலோடு முழுசாகத் தின்கிறோம். கடல் மீனுக்கும் குடல் உண்டு. நெத்தலியையும் விட்டுவிடச் சொல்லவில்லை, தோட்டத்துப் பிள்ளைகளுக்கு அதில்தான் கல்சியம். ஊறவைத்து, தலையையும் வயிற்றையும் கிள்ளிப் போட்டால் போதும். ஆற்று மீனை மட்டும் பாவி ஆக்காதீர்கள்.

நன்றாகப் பொரித்தால் போய்விடுமா?

போகாது. கறி கொதிப்பது 100 பாகையில், எண்ணெய் 180 வரை போகும். பொலித்தீன் அந்தச் சூட்டில் உருகும், மறையாது. போத்தல் பிளாஸ்டிக் உருகவே 250 பாகை வேண்டும். வெட்டும்போது எடுத்தால்தான் உண்டு.

பீலித் தண்ணீர் குடிக்கிறோமே?

ஊற்றிலிருந்து நேரே வரும் பீலியில் பயப்பட வேண்டியது மலக் கிருமிக்குத்தான், பிளாஸ்டிக்குக்கு அல்ல. கொதிக்க வைத்துக் குடியுங்கள். சுண்ணாம்பு அதிகமான தண்ணீரைக் கொதிக்க வைத்து வடித்தால் நுண்பிளாஸ்டிக்கில் 90 சதவீதம் வரை குறையும் என்று சீனாவிலிருந்து 2024இல் ஒரு ஆய்வு வந்தது. சுண்ணாம்பு படியும்போது அதையும் சேர்த்துப் பிடித்துக்கொள்கிறதாம். நம் மலைத் தண்ணீர் மென்மையானது, கேத்தலில் வெள்ளை படிவதே அபூர்வம். அப்படிப்பட்ட தண்ணீரில் கால்வாசிதான் குறைந்தது.

நம் உடம்புக்குள் இருக்கிறதா?

இருக்கிறது. நெதர்லாந்தில் 22 பேரின் இரத்தத்தைப் பார்த்ததில் 17 பேரிடம் பிளாஸ்டிக் இருந்ததாக 2022இல் எழுதினார்கள். 2024இல் இத்தாலியில் கழுத்து இரத்தக் குழாயின் அடைப்பை அறுவைச் சிகிச்சையில் எடுத்த 257 பேரைத் தொடர்ந்து பார்த்தார்கள். 150 பேரின் அடைப்பில் பொலித்தீன் இருந்தது. பிளாஸ்டிக் இருந்தவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம், மரணம் என்பவற்றில் ஏதாவது நேரும் அபாயம் மற்றவர்களைவிட நாலரை மடங்கு. பிளாஸ்டிக்தான் காரணம் என்று அது நிரூபிக்கவில்லை, இரண்டும் சேர்ந்து காணப்பட்டன என்றுதான் காட்டியது. உலக சுகாதார அமைப்பும் 2022 அறிக்கையில் தீர்ப்புச் சொல்லச் சான்று போதாது என்றுதான் எழுதியது.

லயத்துக்குக் குப்பை வண்டி வருவதில்லை. எரித்துவிடுவது நல்லதுதானே?

எரிக்காதீர்கள். அடுப்பில் பொலித்தீன் போட்டுத் தீ மூட்டும் பழக்கம் இன்னும் இருக்கிறது. அந்தப் புகையைச் சுவாசிப்பது ஆற்று மீனை ஆயுள் முழுக்கத் தின்பதைவிட மோசம் என்பது என் அபிப்பிராயம்.

ஆனால் இந்தக் கேள்வியில் ஒரு நியாயமான கோபம் இருக்கிறது. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தில் 33ஆம் பிரிவு என்று ஒன்று இருந்தது. தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபைப் பணத்தைச் செலவழிக்க அது பெரிய முட்டுக்கட்டை. அதைத் திருத்தியது 2018இல். முப்பது வருசம், ஓட்டுப் போட்டவர்களின் வாசலுக்கு வண்டி அனுப்ப முடியாது என்று சட்டமே சொன்னது. பிறகு "தோட்டத்து ஆட்கள் ஆற்றில் குப்பை போடுகிறார்கள்" என்றால் எப்படி? சட்டம் மாறிவிட்டது, இப்போது வண்டி கேட்பது உரிமை. பத்து லயம் சேர்ந்து ஒரு இடத்தில் குப்பையைத் தரம் பிரித்து வைத்து, கையெழுத்திட்டுக் கடிதம் கொடுத்தால் மறுப்பது கஷ்டம். எங்கள் டிவிசனில் மூன்றாவது கடிதத்துக்கு வண்டி வந்தது, மாதத்துக்கு இரண்டு தடவை.

பொலித்தீன் தடை என்ன ஆனது?

2017 செப்டம்பரில் லன்ச் சீட், 2021 மார்ச்சில் சின்ன சாஷே பக்கெட், 2023 ஒக்டோபரில் ஸ்ட்ரோ, கரண்டி, பிளாஸ்டிக் மாலை, இடியப்பத் தட்டு என்று படிப்படியாகத் தடை வந்தது. லன்ச் சீட் இன்னும் கடையில் தொங்குகிறது, "மக்கும்" என்ற எழுத்தோடு. மக்கும் பிளாஸ்டிக்கில் பலவும் மக்க அறுபது பாகை அளவு சூடான உரக் கிடங்கு வேண்டும். பதினைந்து பாகை ஓடைத் தண்ணீரில் அது சும்மா கிடக்கும்.

எடுத்த குடலை எங்கே போடுவது?

இதைக் கேட்டது அந்த மீன்காரர். முதல் நாள் "என் வியாபாரத்தைக் கெடுத்துட்டீங்களே சேர்" என்றவர், பிறகு கடையிலேயே வெட்டிச் சுத்தம் செய்து கொடுக்கத் தொடங்கினார். வியாபாரம் கூடிவிட்டது. ஒரு நாள் போய்ப் பார்த்தால், வெட்டிய குடலையெல்லாம் வாளியோடு பாலத்துக்குக் கீழே கொட்டிக்கொண்டிருந்தார். கொட்டின இடத்தில் திலாப்பியாக் குஞ்சுகள் துள்ளித் துள்ளித் தின்றன.

மண்ணில் புதையுங்கள், ஒரு முழ ஆழத்தில், நாய் தோண்டாதபடி. இப்போது அவருடைய வாளியைப் பக்கத்து லயத்து அக்கா வாங்கிப் போய்ப் பூசணிக் கொடிக்கு அடியில் போடுகிறார். வாளிக்குப் பதிலாக ஒரு காய் கொடுக்கிறார்.